அயோடினுக்கு வேப்பிலை

பத்தாம் வகுப்பில் எங்களுக்கு அணுக்கரு இயற்பியல் நடத்தி முடித்த வாரத்தில்தான் அம்மா கதிரியக்கத்தோடு வீட்டுக்கு வந்தாள். கழுத்தில் தைராய்டு சுரப்பியில் கட்டி என்று புதுச்சேரியில் அறுவை செய்து எடுத்திருந்தார்கள். மிச்சம் மீதி எங்கேனும் ஒட்டிக்கொண்டிருந்தால் அதைப் பொசுக்குவதற்கு அயோடின் 131 என்ற மருந்தை விழுங்கக் கொடுத்து, தனி அறையில் வைத்திருந்து, ஸ்கேன் எடுத்து அனுப்பினார்கள். ஸ்கேன் முடிவைப் பிறகு ஃபோனில் சொல்வார்களாம். அது கெட்ட கட்டி என்று என்னிடம் யாரும் வாய் திறக்கவில்லை. எந்த நோய்க்கு எந்த ஐசோடோப்பு என்று பாடத்திலேயே இருந்ததால் நானே தெரிந்துகொண்டேன். படிக்கிற பெண் என்று பெயர் வாங்கியதில் இப்படியும் ஒரு தொல்லை.

தனி அறை, தனித் தட்டு, துணி தனியாகத் துவைக்க வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், குழந்தைகளும் கர்ப்பிணிகளும் கிட்டே வரக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். எங்கள் வீடு சிதம்பரத்தில் கீழ வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது. பக்கத்து வீட்டில் நிறைமாதக்காரி, எதிர்வீட்டில் கைக்குழந்தை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர்களை ஆப்பிளோடு போய்ப் பார்ப்பது சந்தின் வழக்கம். வராதே என்று சொன்னால் ஆயுசுக்கும் பகை. கதிரியக்கம் என்று சொன்னாலோ சந்தே காலியாகிவிடும்.

இதற்கு அத்தைதான் வழி கண்டுபிடித்தாள். அப்பாவின் அக்காவான அவள் எங்களோடுதான் இருந்தாள். அம்மா வைக்கும் குழம்பில் ஒரு குறையாவது சொல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. அம்மா ஆட்டோவிலிருந்து இறங்கி உள்ளே போனதும் அத்தை ஒரு கொத்து வேப்பிலையை ஒடித்துவந்து வாசல் நிலையில் செருகினாள்.

"யார் கேட்டாலும் அம்மை போட்டிருக்குன்னு சொல்லு. ஒருத்தரும் படியேற மாட்டாங்க. ஆத்தாகிட்ட நான் மன்னிப்பு கேட்டுக்கறேன்."

அவள் சொன்னபடியே சந்து விலகி நின்றது. இளநீரும் நுங்கும் மட்டும் வாசல்படி வரைக்கும் வந்தன. ஆனால் அம்மை போட்ட வீட்டில் தாளிக்கக் கூடாது. கடுகு வெடிக்கும் வாசனை வெளியே போனால் குட்டு உடைந்துவிடும் என்று அத்தை அதிலும் கறாராக இருந்தாள். கடலூரில் வேலை முடித்துப் பசியோடு பஸ் இறங்கி வரும் அப்பா, தாளிக்காத ரசத்தைப் பரிதாபமாகப் பார்ப்பார்.

"ரெண்டு கடுகாவது போடேன்க்கா."

"போடறேன். அப்புறம் சந்துக்கு நீயே போய்ப் பதில் சொல்லு."

நான் என் பங்குக்கு அறிவியலைக் கையில் எடுத்துக்கொண்டேன். ஆல்ஃபாவைக் காகிதம் தடுக்கும், பீட்டாவைத் தகடு தடுக்கும், காமாவுக்கு ஈயம் வேண்டும். ஈயத்துக்கு எங்கே போவது? எவர்சில்வர் தாம்பாளத்தை மார்போடு பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் அம்மாவிடம் பேசினேன். தாம்பாளத்தைப் பார்த்து அம்மா சிரிப்பாள். நானும் சிரித்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் அழுவேன். மருந்து அவளைக் காப்பாற்றுமா என்பதைப் புத்தகத்தில் எங்கே தேடியும் காணோம்.

புத்தகம் சொன்னதெல்லாம் அரை ஆயுட்காலம் ஒன்றுதான். எட்டு நாளில் அயோடின் பாதியாகும், அடுத்த எட்டு நாளில் பாதியில் பாதியாகும். இதை நான் வீட்டில் நிறைய தடவை விளக்கியிருந்தேன். உடம்புக்குள் போனது சிறுநீரோடும் வெளியேறும், அதனால் இன்னும் சீக்கிரமாகக் குறையும் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. அம்மாவை எதற்கு அவ்வளவு தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள் என்று நான் யோசிக்கவும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மருத்துவமனையிலிருந்து அப்பாவுக்கு ஃபோன் வந்தது. அப்பா ஸ்பீக்கரைப் போட்டார். அத்தை அரிவாள்மணையிலிருந்து எழுந்து வந்து நின்றாள். ஸ்கேனில் உடம்பில் வேறெங்கும் எதுவும் பரவவில்லை, பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். இனிமேல் தனியாக இருக்க வேண்டியதில்லை, வழக்கம்போல வேலை செய்யலாம் என்றும் சொன்னார். அப்பா ஃபோனுக்கே ஒரு கும்பிடு போட்டார். அத்தை மூக்கைச் சிந்திவிட்டு, "தாளிக்கிற கரண்டிய எட்றீ" என்றாள். அத்தனை நாளும் என் நெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மிக்கல்லை யாரோ தூக்கிப் போட்டாற்போல இருந்தது.

தாம்பாளத்தை மறந்து அம்மாவின் அறைக்குள் ஓடினேன். செய்தியைக் கேட்டதும் என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அழுதாள், சிரித்தாள், என் தலையில் எண்ணெய் வைக்காததைக் கண்டுபிடித்துத் திட்டினாள். பிறகு சாய்ந்து உட்கார்ந்து, கொஞ்ச நேரம் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, பாதி, பாதியில பாதின்னு சொல்லுவியே. கடைசில முழுசா எப்ப தீரும்?"

"கணக்குப்படி தீரவே தீராதும்மா. கொறஞ்சிக்கிட்டே போகும். பூஜ்யம் மட்டும் ஆகாது."

"அப்படியா!" என்றாள் அம்மா. அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை, பாடம் புரிந்த மகிழ்ச்சி என்று எடுத்துக்கொண்டேன். "அத அத்தைகிட்ட போய்ச் சொல்லேன். அவுங்களுக்கும் தெரியட்டும்."

சமையலறையில் அத்தை கரண்டியில் எண்ணெய் ஊற்றி அடுப்பில் வைத்திருந்தாள். கடுகு டப்பா திறந்திருந்தது. நான் மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் அவசரப்படுகிறார், அம்மாவிடம் இன்னும் மிச்சம் இருக்கிறது, கணக்குப்படி அது பூஜ்யமாகாது. அம்மாவும் அப்படித்தான் நினைக்கிறாள்.

அத்தை என்னைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் அறை இருந்த பக்கம் பார்த்தாள். அடுப்பை அணைத்தாள்.

"டாக்டரு என்னா டாக்டரு. நம்ம வீட்டுலயே படிச்ச புள்ள இருக்கு. இன்னொரு பாதி போவட்டும்."

கூடத்தில் இருந்த அப்பா வாயைத் திறந்தார். அத்தை முறைத்ததும் மூடிக்கொண்டார்.

டாக்டர் சொன்னதைத் தன் காதாலேயே கேட்ட அத்தை அதை ஒதுக்கிவிட்டு என் இயற்பியலை நம்புகிறாள் என்று எனக்கு ஏகப்பட்ட பெருமை. மேலும் ஒரு வாரம் அத்தையே சமைத்தாள், துவைத்தாள், அம்மாவின் தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். குழம்பில் குறை சொல்ல வீட்டில் ஆள் இல்லை.

ஃபோன் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். நல்ல பகல் வெளிச்சத்தில், கையைக் காலை விரித்துப் போட்டு, வாயைத் திறந்துகொண்டு அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். பகலில் அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை. பதறிப்போய் அத்தையிடம் ஓடினேன்.

"அத்தை, அம்மா பகல்லியே தூங்கறாங்க. கதிர்வீச்சோட பக்கவிளைவா இருக்குமோ?"

"அதேதான்" என்றாள் அத்தை. "போய்ச் சத்தம் போடாம அந்தக் கதவைச் சாத்து."