புது வண்டிக்கு ஏற்றாத சூடம்

முத்துத்தாய்க்கு வாய் கொஞ்சம் பெரிது. மற்றபடி நல்ல மனுசி. பசித்து நிற்கிறவளைக் கண்டால் தன் தூக்குவாளியைத் திறந்து நீட்டிவிடுவாள். ஆனால் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் அவ்வளவுதான், அவளாக விட்டால்தான் உண்டு.

பசுவந்தனைப் பக்கம் கரிசலில் உளுந்தும் பாசியும் போட்டுக்கொண்டிருந்தவள். மழை ஏமாற்றியது, புருசனும் போய்ச் சேர்ந்தான். இடுப்பில் ஒரு ஆண்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோவில்பட்டிக்கு வந்து தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடைக்க உட்கார்ந்தாள். ஆபீஸ் என்றால் மேசை நாற்காலி ஆபீஸ் இல்லை. தீப்பெட்டி செய்கிற இடத்துக்கு இந்த ஊரில் அதுதான் பேர். உட்கார்ந்தவள் தலை நரைக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

அந்த ஆபீசுக்குத்தான் கேடு வந்தது. விரல் நீளத்தில் பிளாஸ்டிக் லைட்டர், சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக. சீனாவிலிருந்து கப்பலேறி வந்து பெட்டிக்கடை தோறும் தொங்கியது. அரசாங்கம் தடை போட்டுவிட்டது என்றார்கள். பிறகு பாகம் பாகமாக வருகிறது என்றார்கள். முத்துத்தாய் கண்டதெல்லாம், வாரத்தில் பாதி நாள் ஆபீஸ் கதவு பூட்டிக் கிடந்ததைத்தான்.

ஒருநாள் வேலை இல்லையென்று திரும்பி வருகிற வழியில் தங்கச்சாமியின் டீக்கடையில் ஒரு சிவப்பு லைட்டர் நூலில் கட்டித் தொங்குவதைப் பார்த்துவிட்டாள்.

"அண்ணாச்சி, இது என்ன தொங்குது?"

"லைட்டரு. வாரவன் போறவன் பீடி பத்தவைக்க."

"இந்த ஊருல தெருவுக்குத் தெரு தீப்பெட்டி ஆபீசு. ஒமக்கு நெருப்பு குடுக்க சீனாக்காரன் வரணுமோ?"

"தீப்பெட்டி வாங்கி வச்சா பாதிக் குச்சிய பல்லு குத்தியே தீத்துட்டுப் போறானுவ ஆத்தா. நான் என்ன செய்ய?"

"குத்திட்டுப் போகட்டுமே. அவன் பல்லு குத்துனாத்தான் எங்க பல்லுல சோறு ஒட்டும்."

டீக்குடிக்க நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு ஓய்வதற்குள் அவள் லைட்டரை நூலோடு பிடுங்கி, இஞ்சி தட்டுகிற கல்லால் ஒரே போடாகப் போட்டாள். பட்டென்று வெடித்தது. தங்கச்சாமி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

இந்தச் செய்தி முதலாளி நந்தகோபால் காதுக்குப் போனது. அப்பா காலத்து ஆபீசை எடுத்து நடத்துகிறவர். மெதுவாகப் பேசுவார், அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. அந்த மாதம் லைட்டரை எதிர்த்து ஊரில் ஒரு கூட்டம் போட்டார்கள். நந்தகோபால் மேடைக்கு முத்துத்தாயைக் கூப்பிட்டார். சிரித்தபடி ஒரு சிவப்பு லைட்டரை நீட்டினார். ஸ்டூடியோ சுடலைராஜ் கேமராவைத் தூக்கிப் பிடித்தான். "ம், ஒடை ஆத்தா" என்றார் முதலாளி. அவள் சுத்தியலால் உடைத்தாள், கூட்டம் கை தட்டியது. முதலாளி அவள் தோளில் பொன்னாடையைப் போர்த்தினார்.

"வெளிநாட்டுச் சாமான் நம்ம வயித்துல அடிக்குது. எவன் கையில இருந்தாலும் சரி, நசுக்குங்க. பின்னால நான் நிக்கேன்" என்று மைக்கில் சொன்னார்.

முத்துத்தாய் பொன்னாடையை மடித்துச் சாமி படத்துக்கு அடியில் வைத்தாள். அவர் சொன்ன சொல்லையும் அப்படியே மடித்து வைத்துக்கொண்டாள்.

அவளுக்குக் கவலை ஒன்றே ஒன்று. மகன் இசக்கிமுருகன் அதே ஆபீசில் மருந்து முக்குகிற அறையில் வேலை பார்த்தான். குச்சித் தலைக்கு மருந்து ஏற்றுகிற இடம். உள்ளங்கை தோல் உரிந்து கிடக்கும். படுத்தால் இருமல், எழுந்தால் இருமல். அந்த அறையை விட்டு அவன் வெளியே வந்துவிடவேண்டும், அதற்கு மேல் அவள் எதையும் கேட்டதில்லை. கூட்டம் முடிந்த கையோடு முதலாளியிடம் போய் நின்றாள். மகனுக்கு டிரைவர் லைசென்ஸ் இருக்கிறது என்றாள்.

"புதுசா காரு வாங்கப் போறேன். வரட்டும். ஒம்மவன்தான் ஓட்டுவான்" என்றார் அவர்.

கணக்குப்பிள்ளை பெருமாள்சாமி பக்கத்தில் நின்றார். அவர் தன் தங்கை மகனுக்காக அந்த வேலையில் கண் வைத்திருந்தவர். முத்துத்தாயைப் பார்த்து மூக்கைச் சொறிந்துகொண்டார்.

வண்டி வருகிற வாரத்தில் இசக்கிமுருகன் வீட்டில் கால் தரையில் படாமல் திரிந்தான்.

"என்ன வண்டிலே வருது? நம்ம நாட்டு வண்டிதானே?" என்று கேட்டாள் முத்துத்தாய்.

"ஜெர்மனி வண்டிம்மா. கதவச் சாத்துனா சத்தமே வராதாம்."

கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்த கை நின்றது. "ஜெர்மனின்னா வெளிநாடுல்லா?"

"இந்தா, ஆரம்பிச்சிட்டியா. எம்மா, நம்ம நாட்டு வண்டிக்குள்ள பாதிச் சாமான் சீனாவுலேருந்து வருது. வெளிநாட்டுப் பேரு வச்ச வண்டிய நம்ம பயலுவளே மெட்ராசு பக்கம் பாகம் பாகமாப் பூட்டுதானுவ. எதை நீ நம்ம வண்டிம்ப, எதை வெளிநாடும்ப? நீ அடைக்கிற குச்சிக்கு மரம் கேரளாவுலேருந்து வருது, தெரியுமா?"

"கேரளாக்காரன் எங்கள வேலைய விட்டு நிறுத்தலையே?"

"ஜெர்மனிக்காரன் நிறுத்துனானா?"

அவள் கஞ்சியை ஊற்றி முடித்தாள். "நம்ம நாட்டு வண்டிய ஓட்டுனா ஒனக்கு இருமல் நிக்காதோ?" என்றாள்.

"எம்மா. நாளைக்கு அங்கன வந்து வாயத் தொறந்த, நான் செத்தேன்னு வச்சிக்கோ" என்றான் அவன். சொல்லும்போதே இருமினான். அந்த இருமலைக் கேட்டு அவள் வாயை மூடிக்கொண்டாள். ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று சத்தியமும் செய்தாள். அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றவும் செய்தாள். அன்றைக்கு அவளைக் கெடுத்தது வாய் இல்லை.

அந்த ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. ஆயுத பூசையானாலும் புது வண்டியானாலும், இருக்கிறவர்களில் மூத்த பெண் ஒருத்தி, அன்றைக்கு அடைத்த முதல் பெட்டியைப் பிரித்து, முதல் குச்சியை உரசிச் சூடம் ஏற்றவேண்டும். பெரிய முதலாளி காலத்திலிருந்து அப்படித்தான். இப்போது மூத்தவள் முத்துத்தாய்.

கார்த்திகை மாதத் தூறல். காலையில் அடைத்த முதல் பெட்டியை வேறு எவளும் எடுத்துவிடக்கூடாது என்று மடியில் செருகிக்கொண்டாள். தீப்பெட்டித் தொழிலில் நேற்று வந்த பிள்ளைகூட அதைச் செய்யாது. மழைநாளில், ஈரச் சேலையில், உடம்புச் சூட்டில் மருந்து நமத்துப்போகும். பெருமைதான், வேறென்ன. மடியைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

வண்டி வந்து நின்றது. கறுப்பாக, எண்ணெய் தேய்த்த எருமை மாதிரி மினுமினுத்தது. மாலை போட்டார்கள், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். இசக்கிமுருகன் வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாகக் கதவுப் பக்கம் நின்றான். பெண்கள் எல்லாரும் வேலையை விட்டு வந்து வரிசை கட்டி நின்றார்கள். சுடலைராஜ் கேமராவோடு முன்னால் வந்தான்.

"ஆத்தா, சூடத்த ஏத்து" என்றார் முதலாளி.

முத்துத்தாய் பெட்டியைப் பிரித்து முதல் குச்சியை உரசினாள். பிடிக்கவில்லை. அடுத்ததை உரசினாள், மருந்து பிசுபிசுவென்று உதிர்ந்தது. இன்னொன்று. இன்னொன்று. வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"நம்ம குச்சியாடி அது? வேற ஆபீசுக் குச்சிய மாத்தி எடுத்துட்டாளா?" என்றாள் கூடக் குச்சி அடைக்கிற இசக்கிச்செல்வி, பக்கத்திலிருப்பவளிடம் சொல்வதுபோல எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. பெருமாள்சாமி வானத்தைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முதலாளி சிரித்தபடியே சட்டைப் பைக்குள் கைவிட்டு ஒரு லைட்டரை எடுத்து முத்துத்தாயிடம் நீட்டினார்.

"ம், இந்தா ஆத்தா" என்றார்.

அதே சிவப்பு, அதே சிரிப்பு, அதே மாதிரி நீட்டுகிற கை. எதிரே அதே சுடலைராஜ், அதே கேமரா. முத்துத்தாய்க்கு மனசு குளிர்ந்துபோனது. குச்சி பிடிக்காமல் அவள் அவமானப்பட்டு நிற்பதைப் பார்த்து, அதை மறைக்கத்தான் முதலாளி மேடையில் செய்ததையே இங்கேயும் செய்யச் சொல்கிறார் என்று நினைத்தாள். வெளிநாட்டு வண்டி வாங்கின திருஷ்டிக்கு வெளிநாட்டு லைட்டரை உடைக்கச் சொல்கிறார், எவ்வளவு பொருத்தம் என்றுகூட நினைத்தாள். கேமராவைப் பார்த்து முகத்தை நிமிர்த்தினாள். லைட்டரைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையில் வைத்தாள், தேங்காய் உடைக்க வைத்திருந்த கல்லைத் தூக்கி ஓங்கிப் போட்டாள்.

வெடித்தது. இரும்புத் துண்டொன்று தெறித்துப் போய் வண்டிக் கதவில் கீச்சென்று ஒரு கோடு இழுத்தது.

பெண்கள் எல்லாரும் சிரித்துக் கை தட்டினார்கள். அவர்களுக்கும் அது விளையாட்டாகத்தான் தெரிந்தது. முத்துத்தாயும் சிரித்தாள். பிறகுதான் முதலாளி குனிந்து அந்தக் கோட்டை விரலால் தடவுவதைப் பார்த்தார்கள். கை தட்டல் ஒவ்வொன்றாக நின்றது. கடைசியாக நின்றது முத்துத்தாயின் சிரிப்பு.

நந்தகோபால் சத்தம் போடவில்லை. சாவியை எடுத்து உள்ளங்கையில் வைத்து இசக்கிமுருகனுக்கு முன்னால் நீட்டினார்.

"ஏலே. ஒங்காத்தாள கேட்டுக்கு வெளிய விட்டுட்டு வா. இனிமே அவ உள்ள வரக்கூடாது. நீ திரும்பி வந்தா வண்டிய எடு. பாவமா இருந்தா அவகூடயே போயிரு."

பெருமாள்சாமி திரும்பி, கூட்டத்துக்குப் பின்னால் நின்ற தன் தங்கை மகனைப் பார்த்தார். அதை இசக்கிமுருகனும் பார்த்தான்.

அவன் வந்து தாயின் கையைப் பிடித்து இழுத்தான்.

"என்னலே? மொதலாளிதானே நீட்டுனாவ? நான் வாயத் தொறந்தேனா?"

"நட."

"ஏலே, வலிக்கி. நீயாவது அவியகிட்ட சொல்லேன்."

"நடன்னா நட, சனியனே!"

கேட்டுக்கு வெளியே தள்ளினான். அவள் தடுமாறிக் கரிசல் சேற்றில் முழங்கால் ஊன்றினாள். கேட்டைச் சாத்திக் கொக்கியைப் போட்டான். அதன் பிறகு வேறு யாரோ குச்சி கொண்டுவந்து சூடம் ஏற்றியிருக்கவேண்டும். கம்பிகளுக்கு நடுவே அவள் பார்த்தது, வண்டி அசைந்து எலுமிச்சம்பழங்கள் நசுங்கியதை மட்டும்தான். மகன் வண்டியை நன்றாகவே எடுத்தான். கதவு சாத்துகிற சத்தம் நிஜமாகவே கேட்கவில்லை.

மறுநாள் அவள் படம் பேப்பரில் வந்தது. கல்லைத் தூக்கியபடி நிற்கிறாள், பக்கத்தில் முதலாளி நிற்கிறார். வண்டியை வெட்டி எடுத்துவிட்டிருந்தார்கள். லைட்டருக்கு எதிராகத் தொழிலாளியின் ஆவேசம் என்று போட்டிருப்பதாகத் தங்கச்சாமி வாசித்துக் காட்டினார். அந்தப் பேப்பரைத் தூக்கிக்கொண்டு அவள் ஆபீசுக்கு ஓடினாள். கேட்டில் பெருமாள்சாமி வாங்கிப் பார்த்தார்.

"நல்லா விழுந்திருக்கு. மொதலாளியும் பாத்து சந்தோசப்பட்டாவ."

"அப்ப என்னய உள்ள விடச் சொல்லுங்க அண்ணாச்சி."

"அது வேற. ஆங், அந்தப் பொன்னாடைய எடுத்துட்டு வந்து குடுத்துரு. அடுத்த கூட்டத்துல இசக்கிச்செல்விக்குப் போடணும்."

அவள் கொண்டுவந்து கொடுத்தாள். மற்ற ஆபீஸ்களில் கேட்டுப் பார்த்தாள். முதலாளிமார் எல்லாரும் ஒருவருக்கொருவர் உறவு, யாரும் சேர்க்கவில்லை. இசக்கிமுருகன் முதலாளி வீட்டுக் கார்ஷெட்டிலேயே தங்கிக்கொண்டான். வீட்டுக்கு வரவில்லை. கடைசியில் அவளுக்கு வேலை கொடுத்தது தங்கச்சாமிதான்.

"கிளாசு கழுவு. ஆனா இப்பம் லைட்டரும் விக்கேன், காலையில அந்த அட்டையத் தொங்கவிடுறது ஒங்கையாலதான். அதப் பாக்கதுக்கே நாலு பேரு வருவான்" என்றார்.

வந்தார்கள். லைட்டர் ஆத்தா என்று பேர் வைத்தார்கள். அவள் அட்டையைச் சுவரைப் பார்க்கத் திருப்பித் தொங்கவிட்டாள். தங்கச்சாமி நேராகத் திருப்புவார், அவள் மறுபடியும் சுவர்ப்பக்கம் திருப்புவாள். அது மட்டும்தான் அவளுக்கு மிஞ்சியிருந்தது.

தை பிறந்த பிறகு ஒருநாள் காலை, கறுப்பு வண்டி கடைக்கு முன்னால் வந்து நின்றது. கதவில் கோடு இல்லை, சரிசெய்திருந்தார்கள். இசக்கிமுருகன் இறங்கி வந்தான். சதை பிடித்திருந்தான். உள்ளங்கை ஆறியிருந்தது. அவன் இருமுவானா என்று அவள் காது கொடுத்துக் கேட்டாள். இருமவில்லை.

"மொதலாளிக்கு லைட்டரு ஒண்ணு" என்றான், தங்கச்சாமியைப் பார்த்து.

"முத்துத்தாயி, எடுத்துக் குடு" என்றார் தங்கச்சாமி. கடையில் இருந்தவர்கள் டீயைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள்.

அவள் அட்டையைத் திருப்பி, ஒரு சிவப்பு லைட்டரைப் பிய்த்துக் கொடுத்தாள். அதோடு தன் கையால் ஒரு தீப்பெட்டியையும் எடுத்துப் பலகைமேல் வைத்து அவன் பக்கமாகத் தள்ளினாள். இசக்கிமுருகன் லைட்டரை அவள் முகத்துக்கு நேரே பிடித்துத் தட்டிப் பார்த்தான். முதல் தட்டிலேயே பற்றியது. தீப்பெட்டியைத் தொடாமல் போனான்.

வண்டியின் பின்கண்ணாடி பாதி இறங்கியது. "யாருலே அது, ஒங்காத்தாளா?" என்ற குரல் கேட்டது.

"இல்ல மொதலாளி. கடையில வேல பாக்குறவ."

கண்ணாடி ஏறியது. வண்டி போனது. பலகையில் சிந்தியிருந்த டீத்தண்ணீர் தீப்பெட்டியை நோக்கி ஓடிவந்தது. முத்துத்தாய் சட்டென்று அதை எடுத்துப் பழக்கத்தில் மடிக்குக் கொண்டுபோனாள். பாதியில் கை நின்றது. சேலை ஈரமாக இருந்தது. பெட்டியை அடுப்போரத்தில் காய வைத்துவிட்டு, மிச்சக் கிளாசுகளைக் கழுவப் போனாள்.