உதிர்க்காத மரம்

பூங்காவில் அவளை நேருக்கு நேர் ‘அக்கா’ என்பார்கள். முதுகு திரும்பியதும் ‘முணுமுணுப்பு’ என்பார்கள். அது அவளுக்கும் தெரியும். அதற்கும் சேர்த்துத்தான் முணுமுணுத்தாள்.

இருபத்தாறு வருடமாக அந்தப் பூங்காவைப் பெருக்குகிறவள். மரங்களை அவள் பார்க்கிற விதமே வேறு. பூவையும் நிழலையும் பார்ப்பது வேலை வெட்டி இல்லாதவர்கள் சமாசாரம். ஒரு மரம் நாளைக்கு எத்தனை கூடை கொட்டும் என்பதுதான் அவளுக்குக் கணக்கு. கிழக்கு வாசல் மரம் சிவப்பு விதையாகக் கொட்டும். விளக்குமாறு பட்டதும் அவை நாலு திசைக்கும் உருண்டு ஓடும். குளத்தோரத்து ஊசியிலை மரம் முள்ளு முள்ளாகக் கூம்புகளைப் போடும். ஊஞ்சலுக்குப் பக்கத்து மரமோ, இலையுதிர் காலம் வந்தால் போதும், மூன்று வாரத்துக்கு வெட்கமே இல்லாமல் மஞ்சளாகக் கொட்டித் தீர்க்கும்.

கருவி அறைக்குப் பின்னால் நின்ற மரம் ஒன்றுதான் அவளைப் பொறுத்தவரை நாகரிகம் தெரிந்த மரம். தடித்த இலை. எப்போதாவது ஒன்று விழுந்தால் உண்டு. கண்ணுக்குத் தெரிகிற பூ கிடையாது, காய் கிடையாது. இருபத்தாறு வருடமாக மதியச் சாப்பாட்டை அதன் அடியில்தான் சாப்பிட்டாள். பூங்கா முழுக்க அவளுக்கு வேலை வைக்காத ஒரே ஜீவன் அது.

“மரம்னா இப்படி இருக்கணும். தன் குப்பையைத் தானே வச்சிக்கிட்டு” என்று வீட்டில் கணவரிடம் சொல்வாள். கடிகாரம் பழுது பார்க்கும் அந்த மனிதர் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு ‘ம்’ என்பார்.

நாலு வருடத்துக்கு முன் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் இளம்பெண் வந்து சேர்ந்தாள். அகலத் தொப்பி, கழுத்தில் விசில். ஞாயிற்றுக்கிழமைதோறும் குடும்பங்களைக் கூட்டிவைத்து, பருவத்துக்கு ஒன்றாக இயற்கைக் கைவேலை சொல்லித்தருவது அவளுடைய பொறுப்பு. கோடையில் கூழாங்கல்லுக்கு வண்ணம் பூசுவது, மழை முடிந்ததும் ஈர மண்ணில் இலை அச்சு எடுப்பது, இலையுதிர் காலத்தில் இலைக் கிரீடம், குளிர் காலத்தில் கூம்பில் ஆந்தை பொம்மை. எல்லாரும் அவளை மேடம் என்றார்கள்.

வாரத்தில் ஐந்து நாள் மேடத்தின் உத்தரவு, தரையில் ஓர் இலை கிடக்கக் கூடாது என்பது. சனிக்கிழமை ஆனால் பேச்சு மாறும்.

“அக்கா, நாளைக்கு மூணு கூடை இலை வேணும். ஓட்டை இல்லாததா, நல்ல கலரா.”

“நேத்துதானே மேடம் அள்ளிக் குப்பைக் குழியில கொட்டச் சொன்னீங்க?”

“அது நேத்து அக்கா.”

குழியில் இறங்கி, அழுகாததாகப் பொறுக்கி, குழாயடியில் அலசி, உலர்த்தி, ஞாயிறு காலையில் மறுபடி புல்வெளியில் தூவினாள். ஒன்பது மணிக்குக் கார்கள் வந்தன. தொப்பி, தண்ணீர் பாட்டில், பூதக்கண்ணாடி சகிதம் குடும்பங்கள் இறங்கின. அவள் அலசிப்போட்ட இலையை எடுத்து, “பாரு, பாரு, இயற்கை நமக்குத் தந்தது!” என்று பிள்ளைகளிடம் காட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் கிரீடத்தைப் பிள்ளைகளின் கையிலிருந்து பிடுங்கித் தாங்களே ஒட்ட ஆரம்பித்தார்கள். பிள்ளைகள் பசை டப்பாவை நோண்டிக்கொண்டிருந்தன. விளக்குமாற்றில் சாய்ந்து நின்று பார்க்கும்போது அவளுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

அந்தக் கும்பலில் அவள் அடியோடு வெறுத்தது ஒரு தகப்பனைத்தான். இடுப்பில் பை, மூக்கு நுனியில் கண்ணாடி, நாலு வயதுப் பெண் ஒன்று. அந்தக் குழந்தை எதைத் தொட்டாலும் அதைப் பற்றிப் பிரசங்கம். ஒரு முறை அவசரத்தில் அவள் மஞ்சள் இலைகளை வேறொரு மரத்தடியில் தூவிவிட்டாள். அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துக் கால் மணி நேரம் கயிறு திரித்தார். அன்றிலிருந்து அவர் அவளுக்கு ‘விளக்கம்’ ஆனார்.

இரண்டு வருடம் இப்படி ஓடியது. ஒருநாள் காலை கருவி அறைப் பக்கம் போனவள் திகைத்து நின்றாள். அவளுடைய மரத்தில் சிவப்புச் சாயத்தால் பெருக்கல் குறி போட்டிருந்தது.

“கார் நிறுத்த இடம் பத்தல அக்கா. அந்த மரத்துல பசங்களுக்கு என்ன இருக்கு, சொல்லுங்க. இலை நிறம் மாறாது. விதை கிடையாது. எதையுமே உதிர்க்காத மரத்தை வச்சிக்கிட்டு என்ன பண்றது? இந்த சீசன் முடிஞ்சதும் எடுத்துடுவாங்க” என்றாள் மேடம்.

அன்று மதியம் சாப்பாட்டைப் பிரிக்காமல் அந்தக் குறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் நின்றதுதான் அந்த மரம் செய்த குற்றமா? சாயத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். வரவில்லை.

அந்த ஞாயிறு விடிந்தும் விடியாமலும் நாலு கூடைகளோடு அங்கே போனாள். பெருக்கி வைத்த சுத்தமான தரை. அதில் தன் கையாலேயே குப்பை போட இருபத்துநாலு வருடப் பழக்கம் இடம் கொடுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு போட்டாள். சிவப்பு விதைகளை வேர் இடுக்கில், பாதி மண்ணில் புதைய வைத்தாள். கூம்புகளைத் தள்ளித் தள்ளி உருட்டினாள். மஞ்சள் இலை, புறாச் சிறகு, வழவழப்பான கூழாங்கல் என்று எல்லாம் ஆங்காங்கே கிடந்தன.

பத்து மணிக்கெல்லாம் குழந்தைகள் அந்த மரத்தடியை மொய்த்தன. “இங்க இன்னொண்ணு! இங்க பாரு!” என்று ஒரே கூச்சல். கூம்பும் சிவப்பு விதையும் ஒரே மரத்தில் எப்படிக் காய்க்கும் என்று படித்த பெரிய மனிதர்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒருவர்கூட அண்ணாந்து பார்க்கவில்லை. விளக்கம் மட்டும் தன் பெண்ணை அணைத்துப் பிடித்துக்கொண்டு, “வயசான மரங்க இப்படித்தான்மா, எல்லாத்தையும் சேர்த்து வச்சிருக்கும். நீ வேர்கிட்ட தேடு” என்று அளந்துகொண்டிருந்தார். அவளுக்கு வாயைப் பொத்திக்கொண்டு கருவி அறைக்குள் போய்ச் சிரிக்க வேண்டியிருந்தது.

அடுத்த ஞாயிறும் அதே கதை. மேடம் தான் சொன்னதையே மறந்து விழுந்து விழுந்து படம் எடுத்தாள். சீசன் முடியும்போது சிவப்புக் குறிமேல் பழுப்புச் சாயம் அடித்தார்கள். ‘அதிசய மரம்’ என்று பலகை வைத்தார்கள். கார் நிறுத்தம் சைக்கிள் கொட்டகைப் பக்கம் போயிற்று.

ஆனால் அதோடு விடவில்லை. வருடா வருடம் ஆய்வு உண்டு, கூட்டம் வருகிற மரம்தான் நிற்கும் என்று சொல்லிவிட்டார்கள். கோடை, மழை, குளிர் என்று பார்க்காமல் ஒவ்வொரு ஞாயிறும் அவள் தூவினாள். ஒரு காலத்தில் வேலையே வைக்காத மரம் இப்போது மற்ற எல்லா மரங்களையும்விட அதிகமாக அவளை வேலை வாங்கியது.

“அதுக்கு நீயே வேலைக்காரி ஆயிட்டியா?” என்று கணவர் லென்ஸைக் கழற்றிவிட்டே சிரித்தார்.

“சிரிங்க, சிரிங்க. எனக்கு அப்புறம் யாரு போடுவா?”

அதுதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது. அடுத்த மாதம் அவளுக்கு ஓய்வு. அவள் இடத்துக்கு ஆள் கிடையாது. முதுகில் இயந்திரத்தை மாட்டிக்கொண்டு ஊதித் தள்ளுகிற ஒப்பந்தக்காரர்கள் வரப்போகிறார்கள். அவர்களிடம் சொல்லி வைக்கலாமா? சொன்னால் விஷயம் மேடம் காதுக்குப் போய்விடும். மரம் ஏமாற்று மரம் என்று தெரிந்த மறுநாளே கோடரி வரும்.

இந்த நேரம் பார்த்துக் காய்ச்சல் வந்து ஒரு ஞாயிறு படுத்துவிட்டாள். உடம்பு நெருப்பாகக் கொதித்தாலும் நினைப்பெல்லாம் அந்த வெறும் தரையில்தான். அடுத்த ஞாயிறு, விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்து, கூடைகளோடு ஓடினாள்.

மரத்தடியில் யாரோ குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். இடுப்பில் பை. விளக்கம்! கையில் கடைப் பிளாஸ்டிக் உறை. அதிலிருந்து சிவப்பு விதைகளைக் கொட்டிக்கொண்டிருந்தார்.

“என்ன சார் பண்றீங்க?”

திடுக்கிட்டு எழுந்தார். “இல்லம்மா... போன வாரம் இங்க ஒண்ணுமே இல்ல. பாப்பா ரெண்டு மணி நேரம் தேடிட்டு அழுதுட்டா. அதான்...”

“இது இந்த மரத்து விதை இல்லைன்னாவது உங்களுக்குத் தெரியுமா?”

அவர் அண்ணாந்து கிளைகளைப் பார்த்தார். பிறகு அவள் கையிலிருந்த கூடைகளைப் பார்த்தார். “முதல் நாளே தெரியும்மா. யாரு போடுறாங்கன்னுதான் தெரியாம இருந்துச்சு.”

“அப்புறம் எதுக்கு சார் அத்தனை கதை விட்டீங்க?”

“நான் பேசலைன்னா பாப்பா அண்ணாந்து பார்த்திருப்பாளே.”

அவளுக்கு முகம் சூடாயிற்று. நாலு வருடமாக இந்த மனிதரை முட்டாள் என்று திட்டித் தீர்த்திருக்கிறாள். அவரோ இரண்டு வருடமாக வாய் ஓயாமல் பேசி அவள் குட்டு உடையாமல் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். வெட்கமாக இருந்தது. வெட்கப்பட வைத்ததற்காக அவர்மேல் கோபமாகவும் இருந்தது.

குனிந்து அவர் கொட்டியதைப் பார்த்தாள். ஒரே இடத்தில் குவியல். அதைப் பார்த்ததும் இழந்த தெம்பு திரும்பிவிட்டது.

“இதென்ன, களத்துல நெல்லு குவிச்ச மாதிரி? இப்படிப் போட்டா பசங்க எதைத் தேடும்? வேர் இடுக்குல வைங்க. பாதி மண்ணுக்குள்ள. ம்ஹூம், அவ்வளவு ஆழமா இல்ல.”

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மண்ணில் மண்டியிட்டார். எதையும் உருப்படியாக வைக்கத் தெரியவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து இடம் மாற்றினாள்.

“அடுத்த மாசத்துலேர்ந்து ஊதுற ஆளுங்க வருவாங்க. ஏழு மணிக்கு முடிச்சிட்டுப் போயிடுவாங்களாம். அதுக்கு அப்புறம் போடுங்க. முன்னாடி போட்டா எல்லாம் போச்சு.”

“நானா?”

“பின்ன யாரு, மேடமா?”

அவர் தலையை மட்டும் ஆட்டினார். அந்த மனிதர் விளக்கம் சொல்லாமல் இருந்ததை அவள் அன்றுதான் பார்த்தாள். உறையில் மிச்சமிருந்த விதைகளைக் கையில் எடுத்தார்.

“அதைப் பையில போடுங்க” என்றாள் அவள். “கடைச் சரக்கெல்லாம் இனிமே இங்க வேணாம். கிழக்கு வாசல்ல கூடை கூடையாக் கிடக்குது. குனிஞ்சு பொறுக்கத்தான் இந்த ஊர்ல ஒருத்தருக்கும் இடுப்பு வளைய மாட்டேங்குது.”