முடிச்சிடாத நூல்

வளர்ந்தவர்களின் மாறுகண்ணைத் திருத்தும் சத்திரசிகிச்சையில் ஒரு முறை உண்டு. கண்ணைத் திருப்பும் தசையைத் தைத்த நூலை அன்றைக்கே முடிந்துவிடாமல், இழுத்தால் இறுகவும் விட்டால் தளரவும் கூடிய சுருக்காக வைத்திருப்பார்கள். மறுநாட் காலை, விழித்திருக்கும் நோயாளிக்கு எதிரே ஒரு விளக்கைக் காட்டி, ஒன்றாகத் தெரிகிறதா இரண்டாகத் தெரிகிறதா என்று கேட்டு, அவர் சொல்லுக்கேற்ப நூலைச் சரிசெய்து, பிறகே முடிச்சிடுவார்கள்.

கடல் கடந்து ஈராண்டு நான் பெற்ற மேற்பயிற்சியில் எனக்கு மிகவும் பிடித்த பாடம் அதுவே. அப்பயிற்சியின் முற்பாதி குழந்தைகளின் கண்களைப் பற்றியது. குழந்தை சொல்லும் விடையை நம்பாதே, அது உன் முகத்தைப் பார்த்துச் சொல்லும், கண் அசைவதைப் பார் என்று கற்பித்தார்கள். பிற்பாதி வளர்ந்தவர்களைப் பற்றியது. அவர்கள் சொல்வதை நம்பு என்றார்கள். அந்நாட்டு நோயாளிகள் நம்பத் தக்கவர்கள்தாம். இரண்டு தெரிந்தால் இரண்டு என்று முகஞ்சுளித்துச் சொல்லிவிடுவார்கள்.

யாழ்ப்பாணத்துக்குத் திரும்பியபின் அம்முறையை நான் முதன்முதலாகக் கையாண்டது கொழும்புத்துறையைச் சேர்ந்த ஒரு கடற்றொழிலாளரிடத்தில். குண்டுவீச்சுக்கு அஞ்சிக் குடும்பத்தோடு பதுங்குகுழிக்குள் இறங்கியபோது, கூரையாகப் பரப்பியிருந்த பனங்குற்றிகளுள் ஒன்று சரிந்து அவர் தலையில் விழுந்தது. உயிர் தப்பினார், ஆயின், இடக்கண்ணை வெளிப்புறம் திருப்பும் நரம்பு செயலிழந்து, அக்கண் மூக்கை நோக்கிச் சாய்ந்துவிட்டது. அன்றுமுதல் அவருக்கு எல்லாம் இரண்டு. சிறுவயதில் வரும் மாறுகண்ணாயின், மூளை ஒரு காட்சியைத் தள்ளிவிடப் பழகிக்கொள்ளும். நாற்பது வயதில் அது இயலாது. கடலில் நட்ட வலைத்தடிகளுள் எது மெய்த்தடி என்றறியாமல் வள்ளத்தை மோதினார். ஒரு கண்ணைக் கட்டிக்கொண்டு போயும் பார்த்தாராம். தடி எவ்வளவு தொலைவில் நிற்கிறது என்பது ஒற்றைக் கண்ணுக்குப் பிடிபடாமற்போகவே, தொழிலுக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

நரம்பு தானாகத் தேறுமோ என்று அரையாண்டுக்கு மேல் பொறுத்திருந்துவிட்டுச் சத்திரசிகிச்சை செய்தேன். மறுநாட் காலையே முடிச்சிட்டாக வேண்டும். பிந்தினால் தசை ஒட்டிக்கொள்ளும், நூலை இழுத்துப் பயனில்லை. மின்சாரம் இல்லை. மின்கலங்கள் குடாநாட்டுக்குள் வரத் தடை. ஆகவே, நோயாளர் விடுதியின் மறுகோடியில் ஒரு துவிச்சக்கர வண்டியை நிறுத்தி, அதன் முன்விளக்கு நோயாளியை நோக்குமாறு வைத்தோம். மிதிகட்டையைக் கையாற் சுற்றி டைனமோவை இயக்க அவருடைய மனைவி முன்வந்தார்.

கண் மரத்துப்போகத் துளிமருந்து இட்டு, நூலைக் கையில் எடுத்தேன்.

"விளக்கு எத்தினை தெரியுது?"

"ஒண்டுதான் ஐயா."

விடை மிக விரைவாக வந்தது. கண்களை மாறிமாறி மறைத்துப் பார்த்தேன். மெய்யாகவே ஒன்றாகத் தெரிந்தால் கண் அசையக் கூடாது. விளக்கு மங்கியும் ஒளிர்ந்தும் கொண்டிருக்க, கண் அசைந்ததுபோலவும் அசையாததுபோலவும் இருந்தது. மீண்டும் கேட்டேன்.

"வடிவா ஒண்டுதான் ஐயா. நீங்கள் முடியுங்கோ."

மறுகோடியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "டொக்டர், உந்த மனுசன் பொய் சொல்லுது. கண்கட்டு அவிழ்த்த உடனை பேணியிலை தேத்தண்ணி குடுத்தனான். பேணியை விட்டிட்டு வெறுங்காத்தைப் பிடிச்சவர்."

"நீ வாயைப் பொத்திக்கொண்டு சுத்தப்பா."

"வீட்டிலை எனக்கு ரெண்டு பெண்சாதியெண்டு புளுகித் திரிஞ்சவர், இஞ்சை மட்டும் ஒண்டாம்!"

பக்கத்துக் கட்டில்களில் சிரிப்பெழுந்தது. அவர் சிரிக்கவில்லை. ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று தாழ்ந்த குரலிற் கேட்டேன்.

"நேற்று முழுக்க எனக்காக நிண்டு பாடுபட்டனீங்கள். உங்கடை முகத்துக்கு நேரை ரெண்டெண்டு என்னெண்டு ஐயா சொல்லுறது?"

அவருடைய கடலும் வீட்டு அடுப்பும் ஒரு சொல்லில் தொங்கின. அச்சொல்லை அவர் மரியாதைக்காக விட்டுக்கொடுக்க இருந்தார்.

"ரெண்டெண்டு சொல்லுறதுதான் எனக்கு மரியாதை," என்றேன். "நீங்கள் ஒண்டெண்டு சொல்லி நான் முடிச்சுப் போட்டால், நாளைக்கு வள்ளம் தடியிலை ஏறேக்கை சனம் என்னைத்தான் பேசும்."

"அப்ப ரெண்டு ஐயா." விளக்கை மீண்டும் பார்த்து, "நல்லா ரெண்டு," என்றார்.

எவ்வளவு விலகியிருக்கின்றன என்று கேட்டேன். இரு கைகளையும் மடியிலிருந்து உயர்த்தி இடைவெளியைக் காட்டினார். நூலைச் சிறிது தளர்த்தினேன். கைகள் நெருங்கின. இன்னுஞ் சிறிது தளர்த்தினேன். உள்ளங்கைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

வலப்பக்கம் பார்க்கச் சொன்னேன், கைகள் பிரியவில்லை. இடப்பக்கம் பார்க்கச் சொன்னேன், மெல்லப் பிரிந்தன. செத்த நரம்பை நூல் உயிர்ப்பிக்காது.

"இடப்பக்கத்துக்காக இன்னும் கொஞ்சம் தளத்தலாம். ஆனால், நேரை பாக்கேக்கை திரும்ப ரெண்டாகும். ரெண்டு பக்கத்தையும் என்னாலை தரேலாது."

"கடலுக்குப் போகேக்கை இடப்பக்கத்தாலைதான் ஐயா அவங்கள்ரை போட் வாறது. திரும்பி வரேக்கை வலப்பக்கம், பறவாயில்லை."

மனைவி சுற்றுவதை நிறுத்திவிட்டார். நேர்ப்பார்வையும் வாசிக்கும் பார்வையும் காக்கப்பட்டால் நோயாளிக்குப் போதும் என்று நான் கற்றிருந்தேன். கடற்படையின் ரோந்துப் படகு வரும் திசையைப் பற்றி அங்கே ஒருவரும் பேசியதில்லை.

"தலையைத் திருப்பிப் பாத்தால் ஒண்டாத் தெரியும்," என்றேன். அது மெய். போதுமானதோ என்பது எனக்குத் தெரியவில்லை.

"அப்ப நேரை இருக்கட்டும் ஐயா. தடியைக் காணாட்டில் தொழில் இல்லை. மற்றதுக்குக் கழுத்து இருக்குத்தானே."

"கழுத்தைத் திருப்பிற ஆளே உவர்? நான் கூப்பிட்டாலே திரும்பமாட்டார்," என்றார் மனைவி. முன்னைய கேலி அக்குரலில் இல்லை.

அவர் முகத்தை எனக்கு நேரே நிமிர்த்தினார். "முடியுங்கோ ஐயா," என்றார் என்னிடம்.

முடிச்சிட்டு, மிஞ்சிய நூலைக் கத்தரித்தேன்.