வயிற்று வலி என்று சொன்னேன்

என் மகளுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. இருபத்து நான்கு வயதாகிறது. குரும்பலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் பெரம்பலூர் போய் ஒரு ஆடிட்டர் ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். கடை கண்ணிக்கெல்லாம் தனியாகப் போய்வருவாள். டாக்டரிடம் மட்டும் நான் கூடப் போவேன். அவள் கையால் சொல்வதை நான் வாயால் சொல்வேன்.

இந்த வருடம் பொங்கல் முடிந்ததும் அவளுக்கு வெள்ளைப்படுதலும் எரிச்சலும் தொடங்கின. என்னிடம் ஒளிக்காமல் சொன்னாள். உடம்புச் சூடு என்று நானே முடிவு கட்டி, வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தேன். எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொன்னேன். எதற்கும் சரியாகவில்லை. பெரம்பலூரில் ஒரு டாக்டரிடம் போனோம். அங்கே டாக்டர் பக்கத்திலேயே நின்று மருந்து எடுத்துக் கொடுப்பவர் எங்கள் தெருக்காரர். கல்யாணமாகாத பெண்ணுக்கு இப்படி என்று அவர் காதுபட எப்படிச் சொல்வது? "வயித்து வலிங்க சார்" என்றேன். என் மகள் இன்னும் கீழே கை காட்டினாள். அதையும் வயிறு என்றே சொன்னேன். வாயு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்று வாரம் விழுங்கினாள்.

காய்ச்சலும் அடிவயிற்று வலியும் சேர்ந்துகொண்டபோது பயந்துவிட்டேன். தெரிந்தவர் கண்ணில் படாமல் அரியலூருக்குக் கூட்டிப் போனேன். பெண் டாக்டர். தெருக்காரர் யாரும் இல்லை. ஆனாலும் என் வாயில் அதுதான் வந்தது. "வயித்து வலிங்க."

என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்த மகள், செல்போனில் எதையோ டைப் செய்து டாக்டர் முன்னால் வைத்தாள்.

"வயிறு இல்ல மேடம். பிறப்புறுப்புல எரிச்சல். வெள்ளைப்படுது, நாத்தம் வருது. ஆறு வாரமா. அம்மா சொல்ல வெக்கப்படறாங்க."

டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக்கொண்டார். "நீங்க கொஞ்சம் வெளிய இருங்கம்மா."

"அவளுக்குக் காது கேக்காதுங்க."

"எழுதப் படிக்கத் தெரியும்ல? எனக்கும் தெரியும்."

அரை மணி நேரம் கழித்து, மகளிடம் கேட்டுக்கொண்டுதான் என்னை உள்ளே கூப்பிட்டார். தொற்று மேலே ஏறத் தொடங்கியிருந்ததாம். இன்னும் விட்டிருந்தால் கருக்குழாய்கள் கெட்டுப்போயிருக்கலாம் என்றார்.

திரும்பும் பஸ்ஸில் மகள் கையால் கேட்டாள்: "நீ சயின்ஸ் டீச்சர்தானே? இந்தப் பாடம் நடத்துனதே இல்லியா?"

இல்லை. வருடா வருடம் அந்தப் பாடம் வந்தால், வீட்டில் படித்துக்கொள்ளுங்கள் என்று பக்கத்தைப் புரட்டிவிடுவேன்.

டாக்டர் என்ன கேட்டார், நீ என்ன சொன்னாய் என்று துருவினேன். "அது எனக்கும் டாக்டருக்கும்" என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கோபம் வந்தது. என்னென்னவோ பயம் வந்தது. ஆனால் பெரம்பலூர் வருவதற்குள், இவ்வளவு துணிச்சல் உள்ளவளையா நான் பெற்றேன் என்று நெஞ்சு நிறைந்துவிட்டது. பிறகு, காது கேட்காத தன் தோழி ஒருத்தியையும் அதே டாக்டரிடம் அனுப்பியிருக்கிறாள்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி போனோம். நான் வெளி பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நர்ஸ் கேட்டார்: "என்னங்கம்மா, பொண்ண மட்டும் உள்ள அனுப்பிட்டீங்க? யாரு பேசுவா?"

"அவளே பேசிக்குவாங்க" என்றேன்.

கதவு சாத்தியிருந்தது. உள்ளே டாக்டர் வாய்விட்டுச் சிரிப்பது கேட்டது. என் மகள் ஏதோ எழுதிக் காட்டியிருக்க வேண்டும்.