சட்டைப்பையில் எடைச் சீட்டுகள்

போன ஞாயிற்றுக்கிழமை, என் மனைவி வாங்கிவந்த கண்ணாடி எடை மெஷினைக் கூடத்தில் வைத்தபோது நான் இருந்தேன், அவள் இருந்தாள், செருப்பைக்கூடக் கழற்றிவிட்டுத் தன் முறைக்காகக் காத்துக்கொண்டு எதிர்வீட்டு வாத்தியாரும் இருந்தார். அம்மா இல்லை. மெஷினைப் பெட்டியிலிருந்து எடுத்ததுமே பின்வாசல் வழியாக எங்கோ போய்விட்டாள். காரணம் என்ன என்று வாத்தியார் கேட்டார். சொன்னால் நீளும் என்று மழுப்பினேன். உங்களிடம் சொல்வதற்கு என்ன.

பல வருஷத்துக்கு முந்தைய கதை. அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கோலியனூரிலிருந்து விழுப்புரம் வந்து, பாசஞ்சர் பிடித்துத் திண்டிவனம் போவேன். அங்கே மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வாங்கி விற்கிற ஒரு மண்டியில் மூட்டைகளின் எடையைச் சீட்டில் எழுதுகிற வேலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதித்த முதல் ஆளும், தொப்பை போட்ட முதல் ஆளும் நானேதான். அம்மா மூன்றையும் ஒரே மாதிரி கொண்டாடினாள். களையெடுக்கப் போன இடத்தில் என் தொப்பையைப் பற்றிப் பேசுவாள் என்று கேள்வி.

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கத் தொடங்கியதும் திண்டிவனத்தில் ஒரு டாக்டரிடம் போனேன். தொண்ணூற்றொரு கிலோ. ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "சக்கர வாசல்ல நிக்குது தம்பி. மாசத்துக்கு ஒரு கிலோ கொறைங்க, போதும். வீராப்பு வேணாம்" என்றார். மாதம் ஒரு கிலோவா? திரும்பத் திரும்ப வரவழைத்து ஃபீஸ் வாங்கத்தான் இப்படி இழுக்கிறார் என்று எனக்குப் பட்டது. பத்து நாளில் ஐந்து கிலோ என்று நானே தீர்மானித்துச் சோற்றை நிறுத்தினேன். நான்காம் நாள் பிளாட்பாரத்தில் கண் இருட்டி பெஞ்சில் சாய்ந்தேன். தெளிந்ததும் நாலு மெதுவடை தின்றேன். அதற்குப் பிறகு டாக்டரை நம்புவதைத் தவிர வழியிருக்கவில்லை.

டாக்டரை நம்பியாயிற்று, எடை மெஷினை எப்படி நம்புவது? விழுப்புரம் ஸ்டேஷனில் ஒன்று நின்றது, ஞாபகம் இருக்கிறதா? காசு போட்டால் கலர் பல்புகள் மினுக்கி, சக்கரம் சுற்றி, கடகடவென்று ஓர் அட்டைச் சீட்டு விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் இங்கிலீஷில் ராசிபலன். திங்கட்கிழமைதோறும் ஏறினேன். ஒரு வாரம் தொண்ணூறு, அடுத்த வாரம் தொண்ணூற்றொன்று. சந்தேகப்பட்டு இன்னொரு காசு போட்டால் எண்பத்தொன்பது. இரண்டு நிமிடத்தில் இரண்டு கிலோ குறைந்த மனிதனாக ரயில் ஏறினேன்.

சரிபார்க்க மண்டித் தராசில் ஏறினேன். எண்பத்தேழு! சந்தோஷம் கொஞ்சநேரம்தான். மூட்டை தூக்கும் கன்னியப்பன் பீடியை அணைத்துவிட்டு, "அதுல ஏன் சார் ஏறினீங்க? அது மூட்டைக்கு ஒண்ணர கிலோ முழுங்குற தராசு. உங்கள மட்டும் சும்மா வுடுமா?" என்றான். எனக்குத் தெரியாததா? அந்த எண்களைத் தினமும் எழுதுகிறவனே நான்தானே. அன்று விவசாயிகளுக்குச் சீட்டு எழுதும்போது பேனா கொஞ்சம் தயங்கியது. ஆனாலும் எழுதத்தான் செய்தேன்.

கடைசியில் பெல்ட்டைத்தான் நம்பினேன். பஸ் ஸ்டாண்டு ஓரம் செருப்பு தைப்பவரிடம் கொடுத்து ஓர் ஓட்டை போட்டேன். நாலு மாதத்தில் இரண்டாவது ஓட்டை. வாராவாரம் பார்த்தால் மனசு விட்டுப்போகும், மாதக் கணக்கில் பார்த்தால் தாங்கும் என்று கற்றுக்கொண்டேன். அம்மா அடைத்து அனுப்பும் சோற்றில் பாதி கன்னியப்பனுக்கு. "நீங்க எளைக்கிறீங்க, நான் ஊதுறேன். மொத்தத்துல மண்டிக்கு ஒரே வெயிட்டுதான் சார்" என்பான்.

அம்மாவிடம் ராத்திரிக்குக் கேப்பைக் கூழ் கேட்டுப் பார்த்தேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"கூழு குடிக்கவாடா உன்னப் படிக்க வெச்சேன்? யாருனா பாத்தா இன்னா நெனப்பாங்க? எளச்சிக்கினே வேற போற."

சக்கரை விஷயத்தைச் சொல்லாமல் மறைத்தது என் முட்டாள்தனம். பயப்படுவாள் என்று நினைத்தேன்.

அவள் அதற்குள்ளேயே துப்பறிந்துகொண்டிருந்திருக்கிறாள். துவைக்கும்போது சட்டைப்பையில் எடைச் சீட்டுகள். எழுத்து தெரியாது, எண் தெரியும். ஒவ்வொன்றிலும் ஒரு எண், பின்னால் இங்கிலீஷ். ஆஸ்பத்திரிச் சீட்டு என்று முடிவுகட்டிவிட்டாள். கூடவே பெல்ட்டில் புது ஓட்டைகள். எங்கள் பக்கம் இளைத்தவனிடம் என்ன வியாதி என்று நேராகக் கேட்கமாட்டார்கள். அவனைச் சுற்றி இருப்பவர்களிடம்தான் கேட்பார்கள்.

ஒரு புதன்கிழமை பதினோரு மணிக்கு மண்டி வாசலில் அம்மா நின்றாள். தனியாக ரயில் ஏறியது அதுதான் முதல் தடவை. என்னைப் பார்த்தும் பார்க்காதவள்போல நேராகக் கன்னியப்பனிடம் போனாள்.

"ஏம்பா, எம்புள்ளைக்கு இன்னா வியாதி? மறைக்காம சொல்லு."

"வியாதியா? நல்ல சோத்த எங்கிட்ட குடுத்துட்டு வேடிக்க பாக்கறாரு. அதுக்கு என்னா பேரோ."

"வெளையாடாத. சீட்டெல்லாம் பாத்துட்டுத்தான் வந்துருக்கேன்."

நான் ஓடிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். சக்கரை, டாக்டர், மாதத்துக்கு ஒரு கிலோ. நம்பவில்லை. கன்னியப்பன் தன் வயிற்றைத் தட்டிக் காட்டி, "தோ பாரும்மா, உன் சோறு எங்க கீதுன்னு" என்ற பிறகுதான் நம்பினாள். மூட்டையின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இடுப்புச் சுருக்குப்பையைத் தொட்டபடி மெதுவாகச் சொன்னாள்:

"பாண்டிக்குப் பெரியாஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போலாம்னு... காலையில மாட்ட குடுத்துட்டேன்டா."

அவள் விற்ற மாடு, என் பிளஸ் டூ ஃபீஸைக் கட்டிய பசு ஈன்ற கன்று; வளர்ந்து இரண்டாம் ஈற்றில் கறந்துகொண்டிருந்தது. அன்று மாலையே அம்மாவும் நானும் அதை வாங்கின தரகன் வீட்டு வாசலில் நின்றோம். "வண்டியில ஏத்திக்கினு போயிட்டாங்கபா. ஜல்தியா பணம் வேணும்னுதானே உங்கம்மா குடுத்தாங்க?" என்றான். எங்கே என்று கேட்டதற்கு ஒவ்வொரு தடவையும் வேறு ஊர் சொன்னான்.

அம்மா அன்று ராத்திரி தானாகவே கேப்பை மாவு கரைத்தாள். இப்போது கொட்டகை இருந்த இடத்தில் என் பைக் நிற்கிறது. பால் பாக்கெட்டில் வருகிறது. அம்மா அதை மோந்து பார்த்துவிட்டுத்தான் காய்ச்சுகிறாள். சந்தையில் ஒன்பதாயிரத்துக்குக் குறையாமல் போயிருக்க வேண்டிய மாடு. அவள் பயத்தைத் தெரிந்துகொண்டு அந்தத் தரகன் கொடுத்தது ஐயாயிரத்து இருநூறு.