ஊசி போட்ட கிடா

மகனின் காதுகுத்துக்காகச் சிங்கவரத்தில் ஆடு வளர்க்கும் ஒரு அக்காவிடம் கிடா பேசி வைத்திருந்தேன். ஓட்டிவரப் போனபோது, "இது வேணாம் தம்பி" என்றார். வேறு யாருக்கோ பேசிவிட்டார் என்று சந்தேகப்பட்டுச் சத்தம் போட்டேன்.

"சளிக்கு ஊசி போட்டிருக்குது. மருந்து கறியில நிக்கும், இப்ப அறுக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

அதையும் நம்பாமல் கால்நடை மருத்துவரிடமே விசாரித்தேன். "நான்தான் போட்டேன். வேகவெச்சாலும் மருந்து முழுசாப் போவாது" என்றார். 

அவலூர்பேட்டையில் வேறு கிடா பார்த்தேன். "ஊசி ஏதாவது போட்டீங்களா?" என்றதும் வியாபாரி, "அதெல்லாம் உனுக்கு இன்னாத்துக்கு?" என்று எரிந்து விழுந்தார். வாங்காமல் திரும்பிவிட்டேன்.

காதுகுத்துக்குச் சாம்பார் சாப்பாடுதான். சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். இப்போது கறி வாங்கும் இடத்திலெல்லாம் அதே கேள்வியைக் கேட்கிறேன். பதிலில் தயக்கம் தெரிந்தால் வாங்குவதில்லை.