கூட்டல் குறி போட்ட வண்டி

போன ஞாயிற்றுக்கிழமை என் மகன் ஒரு பழைய வேனைப் பார்க்க என்னைக் கூட்டிக்கொண்டு போனான். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வேன். உள்ளே படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உண்டு. மனைவியையும் எட்டு மாதக் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு மலை மலையாகச் சுற்றப் போகிறானாம். விற்கிறவர் அதன் வீரத்தைக் காட்டுவதற்காகக் காய்ந்த ஏரி ஒன்றில் இறக்கினார். நான் பின்பக்கம் போய்ப் படுக்கையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டேன். அம்மா குடிக்கக் கேட்கிறாள் என்று நினைத்து மகன் பாட்டிலை நீட்டினான்.

மூன்று நாளாகிவிட்டது. வாங்காதே என்று சொல்லத் தைரியம் இல்லை. வாங்கு என்று சொல்லவும் இல்லை. எங்கள் குடும்பத்தில் இப்படி ஒரு வண்டி வாங்குவது இது முதல் தடவை அல்ல.

எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு எட்டு வயது, தம்பிக்கு ஐந்து. பெரியபாளையத்துக்கு மேற்கே, ஆரணி ஆற்றுக்கு வடகரையில் எங்கள் ஊர். கொஞ்சம் நெல் நிலம், இரண்டு ஜோடி மாடு, ஒரு கட்டை வண்டி. திருவள்ளூருக்குப் போக வேண்டுமென்றால் ஆற்றைக் கடக்க வேண்டும். முக்கால்வாசி வருஷம் அது வெறும் மணல்தான். ஐப்பசியில் மட்டும் ஆறு என்ற பெயருக்கு நியாயம் செய்யும்.

முந்தின ஐப்பசியில் அம்மாவைக் கட்டை வண்டியில் ஏற்றித் திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆற்றுச் சேற்றில் சக்கரம் புதைந்து, காலையில் இறங்கிய வண்டி கரையேற மாலையாகிவிட்டது. சில நாள் கழித்து அம்மா திரும்பி வந்தாள். காய்ச்சல் என்று எங்களுக்குச் சொன்னார்கள். அவள் சுவரைப் பார்த்துப் படுத்தபடியே பல நாள் இருந்தாள். தூளி கட்டுவதற்கென்று வாங்கி வைத்திருந்த புதுக் கயிற்றை அப்பா மாட்டுக்குக் கட்டிவிட்டார். நல்ல கயிறு வீணாகப் போகக் கூடாது என்றுதான் நான் அதைப் புரிந்துகொண்டேன்.

அடுத்த பங்குனி மாதம் அம்மாவுக்கு மறுபடியும் சோறு பிடிக்காமல் போயிற்று. அந்த வாரமே, ஆடித் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு பெரியபாளையம் போய்த் தங்க ஒரு மோட்டார் வண்டி வாங்கப் போவதாக அப்பா அறிவித்தார். கீரைக் கட்டுக்கு ஐந்து காசு குறைக்க அரை மணி நேரம் நிற்கிற மனிதர் அவர். வீட்டில் யாருக்கும் சைக்கிளைத் தவிர வேறு எதுவும் ஓட்டத் தெரியாது. அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்று தீர்ப்புச் சொல்லி, அவர் உச்சியில் விளக்கெண்ணெய் வைத்தாள்.

வண்டி வாங்கத் துணைக்கு அப்பா அழைத்துப்போனது என் மாமாவை. அம்மாவின் தம்பி. அவர் மாட்டுத் தரகர். பள்ளிப்பட்டு வரைக்கும் சந்தை சந்தையாகப் போய் வந்தவர், ஒரு மாட்டின் நடையைப் பார்த்தே அதன் பழைய முதலாளியின் குணத்தைச் சொல்லிவிடுவார். நான்கு கால் இருந்தால் என்ன, நான்கு சக்கரம் இருந்தால் என்ன என்பது அவர் கட்சி. நான் அழுது அடம்பிடித்து ஒட்டிக்கொண்டேன்.

விற்பவர் பட்டாளத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். கும்மிடிப்பூண்டியில் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த புகைபோக்கிகளுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகை போட்டு, பட்டாளம் ஏலத்தில் கழித்துவிடுகிற வண்டிகளை வாங்கி விற்றுக்கொண்டிருந்தார். எல்லோரையும் நைனா என்பார். அவர் காட்டியது ஓர் ஆம்புலன்ஸ். பச்சை நிறம். பின்பக்கம் இரண்டு பக்கமும் மேலும் கீழுமாக நான்கு படுக்கைகள். இரண்டு பக்கச் சுவரிலும் வெள்ளை வட்டத்துக்குள் பெரிய சிவப்புக் கூட்டல் குறி. எனக்குக் கணக்கில் அப்போது கழித்தல்தான் தகராறு. கூட்டல் பிடிக்கும். அதனால் வண்டியும் உடனே பிடித்துவிட்டது.

மாமா வேலையைத் தொடங்கினார். வண்டியை மூன்று முறை சுற்றி வந்தார். முன்பக்கத் தகரத்தைத் தடவி, கெட்ட சுழி எதுவும் இல்லை என்றார். டயரை ஒவ்வொன்றாகக் காலால் தட்டி, குளம்பு தேயவில்லை என்றார். முன் விளக்குகளை உற்றுப் பார்த்து, கண்ணில் பூ விழவில்லை என்றார். விற்பவர் ரேடியேட்டரைத் திறந்து தண்ணீர் ஊற்றினார். ஒரு குடம் போயிற்று, இரண்டாவது குடமும் போயிற்று. அப்பாவின் முகம் கவலையானது. மாமா அவர் காதருகே போய், நன்றாகத் தண்ணீர் குடிக்கிற உருப்படிதான் நன்றாக வேலை செய்யும் என்று தேற்றினார். அடியில் ஒரு ஓட்டை வழியாக அந்தத் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அதுவும் மாடுகள் செய்கிற காரியம்தான் என்பதால் சொல்லவில்லை.

பிறகு கொட்டகைக்குப் பின்னால் இருந்த ஏரிக்கரைச் சேற்றில் ஓட்டிக் காட்ட வேண்டும் என்று அப்பா கேட்டார். கியர் கம்பிக்குப் பக்கத்தில் கூடுதலாக ஒரு கம்பி இருந்தது. அதை முன்னால் தள்ளினால் நான்கு சக்கரமும் இழுக்குமாம். மாமா முன் சீட்டில் ஏறிக்கொண்டார். அப்பா பின்னால் ஏறி, கீழ்ப் படுக்கையில் படுத்தார்.

விற்பவர் திரும்பிப் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, நல்லாக்கிற மனுசன் போய் அங்க படுத்துக்கினு? முன்னால வந்து குந்து" என்றார்.

"நீ ஓட்டு" என்றார் அப்பா. என்னை எதிர்ப் படுக்கையில் உட்கார வைத்தார். வீட்டிலிருந்து பையில் கொண்டுவந்திருந்த பித்தளைச் சொம்பில் தண்ணீர் நிரப்பித் தரச் சொன்னார். அதை வாங்கித் தன் வயிற்றின் மேல் நேராக வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் லேசாக அணைத்துக்கொண்டார்.

வண்டி சேற்றில் இறங்கியது. ஒரே குலுக்கல். சொம்புத் தண்ணீர் முழுவதும் அப்பாவின் சட்டை மேல். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பா எழுந்து, சட்டையைப் பிழிந்துவிட்டு, இன்னும் மெதுவாக ஓட்டச் சொன்னார். மறுபடி சொம்பு, மறுபடி படுக்கை. இந்தத் தடவை பாதித் தண்ணீர் நின்றது. மூன்றாவது தடவை விற்பவருக்கே ரோஷம் வந்துவிட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஸ்டீரிங்கை விரல் நுனியில் தொட்டு ஓட்டினார். கரையேறியபோது சொம்பில் ஒரு விரற்கடைதான் குறைந்திருந்தது. அப்பா அந்தச் சொம்பைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது. ஏரிச் சேறு தெறித்திருக்கும் என்று நினைத்தேன்.

அடுத்தது விலை. மாட்டுச் சந்தையில் விலையை வாயால் பேச மாட்டார்கள். கையைத் துண்டால் மூடிக்கொண்டு விரலைப் பிடிப்பார்கள். எத்தனை விரலோ அத்தனை ஆயிரம். மாமா தன் துண்டை விற்பவரின் கை மேல் போட்டு உள்ளே கையை விட்டார். அவர் கொஞ்சம் கூச்சப்பட்டார். என்றாலும் பெண் கொடுக்கிற வீட்டார் போல அடக்கமாக நின்றார். மாமா கடைசியில் கை மொத்தத்தையும் பிடித்து அழுத்தினார். ஐந்து என்று அர்த்தம். விற்பவரும் ஐயாயிரம் என்று வாயால் ஒப்புக்கொண்டார். துண்டை எடுத்தார்கள்.

விற்பவரின் வலது கையில் நான்கு விரல்தான் இருந்தது. சுண்டுவிரல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முண்டு.

மாமாவின் முகம் மலர்ந்தது. தான் பிடித்தது நான்கு விரல், எனவே பேசியது நாலாயிரம், சந்தை தர்மப்படி பிடித்த பிடியை மாற்ற முடியாது என்றார். விற்பவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நைனா, வண்டி இழுக்கிற இரும்புக் கவுத்துல சிக்கி இந்த வெரலு போச்சு. அதுக்கு சர்க்காரே எனுக்கு டப்பு தரல. நீ அதுக்கு ஆயிரம் ரூபா கழிக்கிறியா?"

"வெரலு இல்லாத கைய துண்டுக்குள்ள நீட்டினா அது யாரு தப்பு?" என்றார் மாமா. "இடது கைய நீட்டியிருக்கணும்."

பத்து நிமிடம் இது ஓடியது. கீரைக்காரியிடம் பேசுகிற அப்பா இங்கே என்ன செய்யப்போகிறார் என்று பார்க்க நான் ஆவலாக இருந்தேன். அவர் மடியிலிருந்து ஐயாயிரத்தையும் எடுத்து விற்பவர் கையில் வைத்து, "என் மச்சானுக்கு ஓட்டச் சொல்லிக் குடு. நீ மூணாவது வாட்டி ஓட்டின மாதிரி" என்றார். வாழ்நாளில் தனக்குக் கிடைத்த மிக நல்ல பிடி வீணாகிவிட்டதாக மாமா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

வண்டி வந்ததும் அத்தை பூசணிக்காய் உடைத்தாள். எத்தனை பேர் உயிர் போன வண்டியோ, தான் அதில் கால் வைக்க மாட்டேன் என்றாள். அந்தச் சிவப்புக் குறியையாவது அழிக்கச் சொன்னாள். பொங்கலுக்கு மாட்டுக் கொம்புக்கு அடித்து மிச்சமிருந்த நீலப் பெயிண்டை மாமா எடுத்து வந்தார். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அதுல மட்டும் கைய வெக்காத. ஆஸ்பத்திரி கேட்டுல எவனும் நிறுத்திக் கேள்வி கேக்க மாட்டான்."

திருவிழாவுக்குப் போகிற வண்டிக்கு ஆஸ்பத்திரி வாசல் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. பெயிண்டை மிச்சம் பிடிக்கிறார் என்று முடிவு செய்தேன்.

ஆடி ஞாயிறு அன்று பெரியபாளையம் ஆற்றங்கரையில் மாட்டு வண்டிகளும் கூடாரமும் நெருக்கியடித்துக் கிடந்தன. ஒவ்வொரு வண்டிக்கடியிலும் ஒரு குடும்பம், ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பொங்கல் பானை. நிழலில் ஒரு சாண் இடம் கிடையாது. நாங்கள் போய் நின்றோம். யாரோ ஒருவர் சிவப்புக் குறியைப் பார்த்துவிட்டு, ஊசி வண்டி வந்துவிட்டது என்று குரல் கொடுத்தார். அந்தக் காலத்தில் திருவிழாக்களில் காலரா ஊசி போடுவார்கள். தோள் இரண்டு நாள் வீங்கிக் கிடக்கும். பெரிய ஆலமரத்தடி ஐந்தே நிமிடத்தில் காலியாகிவிட்டது. ஒரு குடும்பம் கொதிக்கிற பானையை விட்டுவிட்டே ஓடிவிட்டது. ஊரிலேயே நல்ல நிழல் எங்களுக்குத்தான். கால் வைக்க மாட்டேன் என்ற அத்தை கீழ்ப் படுக்கையில் ஏறிப் படுத்தவள் இரண்டு நாள் இறங்கவில்லை. ஓட முடியாத கிழவர் ஒருவர் மட்டும், வெள்ளைப் புடவை கட்டியிருந்த அத்தையை நர்ஸ் என்று நினைத்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கையை நீட்டினார். அத்தை அந்தக் கையில் ஒரு கரண்டி பொங்கலை வைத்து அனுப்பினாள்.

அம்மா அன்றைக்குச் சிரித்த சிரிப்பு எனக்கு நினைவிருக்கிறது. ஒரு வருஷமாக நான் கேட்காத சிரிப்பு. எதிர்ப் படுக்கையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகும் மாமா தினமும் எங்கள் ஊர் ஏரியில் ஓட்டிப் பழகினார். நிறுத்த வேண்டிய இடத்தில் ஸ்டீரிங்கை மூக்கணாங்கயிறு போலப் பின்னால் இழுத்து, ஹோ ஹோ என்பார். வண்டி அதைச் சட்டை செய்யாமல் வைக்கோல் போரில் போய் நிற்கும். ஆனால் சொம்பு விஷயத்தில் மட்டும் அப்பா விடவில்லை. தினமும் படுத்துக்கொள்வார். தினமும் நனைந்து வருவார். ஊரே வேடிக்கை பார்க்கும். புரட்டாசி முடிவதற்குள் அவர் காய்ந்த சட்டையோடு வரத் தொடங்கினார்.

என் தங்கை இன்றைக்கும் வேப்பம்பட்டில் உட்கார்ந்துகொண்டு, தான் பட்டாள வண்டியில் போய்ப் பிறந்தவள் என்று பெருமை அடித்துக்கொள்கிறாள். அவள் பார்க்காத அந்தக் காலையைப் பார்த்தவள் நான்.

ஐப்பசி மழை. ஆற்றில் முழங்கால் தண்ணீர், அதற்கடியில் சேறு. அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து கீழ்ப் படுக்கையில் படுக்க வைத்தார்கள். அத்தையும் ஏறிக்கொண்டாள். எங்களைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு இவர்கள் மட்டும் திருவிழாவுக்குப் போகிறார்கள் என்று தம்பி அழுதான். எனக்கும் அழுகை வந்தது. அப்பா மழையில் நனைந்தபடி முன் ஜன்னலுக்குப் போய் மாமாவிடம் சொன்னார்: "மச்சான், சொம்புத் தண்ணி சிந்தக் கூடாது."

மாமா ஸ்டீரிங்கை விரல் நுனியில் தொட்டுப் பிடித்தார்.

நான் வண்டிக்குள் எட்டிப் பார்த்தேன். சொம்பு இல்லை. அடுக்களை அலமாரியிலேயே இருந்தது. இவ்வளவு நாள் பழகிவிட்டு, முக்கியமான நாளில் மறந்துவிட்டார்களே என்று எனக்குப் பதறியது. உள்ளே ஓடி, அதை எடுத்து, குடத்திலிருந்து விளிம்பு வரை நிரப்பிக்கொண்டு, தளும்பாமல் நடந்து வந்தேன். அதற்குள் வண்டி ஆற்றில் இறங்கிவிட்டது. கம்பியை முன்னால் தள்ளுகிற சத்தம் கேட்டது. நான்கு சக்கரமும் இழுக்க, அது தூங்குகிறவர்களை எழுப்பிவிடாமல் நடப்பது போல மெதுவாக, மெதுவாகப் போயிற்று.

மழைத் தண்ணீர் விழுந்துவிடாமல் உள்ளங்கையால் சொம்பின் வாயை மூடிக்கொண்டேன். சிவப்புக் கூட்டல் குறி அக்கரை ஏறி மறைந்த பிறகும், அவர்கள் சொம்புக்காகத் திரும்பி வருவார்கள் என்று, ஒரு சொட்டும் சிந்தாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.